சின்னம்மா பார்த்த நேரம்

தேத்தண்ணீர் சின்னம்மாவின் வாயின் வலது ஓரத்தால் வழிந்து, நாடியில் ஒரு கணம் தங்கி, கழுத்துக்குள் இறங்கியது. நான் என் சால்வை நுனியால் துடைத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். நடந்தது அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே மேற்கில் வாவி கிடந்தது, காலை வெயிலை மேலே போர்த்திக்கொண்டு, ஆடாமல் அசையாமல். கரையோரத்துக் கண்டல் மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. இரண்டு நாட்களுக்கு முன் கிழக்கே கடல் எழும்பி எங்கள் ஊருக்குள் வந்து போனதை இந்தத் தண்ணீர் கேள்விப்படவே இல்லையோ என்று நினைத்தேன். அந்தப் பாடசாலை வகுப்பறையில், வாங்குகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்து, நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை. யாருமே பேசாத ஓர் அறையில் ஒருவருக்குப் பேச்சு நின்றுபோனது யாருக்குத் தெரியப்போகிறது?

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. ஆரையம்பதியில், கடலுக்கும் பெருந்தெருவுக்கும் நடுவே ஒரே வளவுக்குள் எங்களுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்தவை. ஒன்று அம்மாவுக்கு, மற்றது சின்னம்மாவுக்கு. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே காலமாகிவிட்டார். சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் இரண்டு வீட்டுக்கும் நான் ஒருத்திதான் பிள்ளை. ஒரு வீட்டில் ஏச்சு வாங்கினால் மற்ற வீட்டில் போய்ச் சாப்பிடுவேன். சித்தப்பா நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு இவற்றைத் தவிர வேறெதைப் பற்றியும் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதை நான் கேட்டதில்லை. அந்த வீட்டின் பேச்சு முழுவதும் சின்னம்மாவுடையது.

அவருக்குத் தொழிலே பேச்சுத்தான். தொலைபேசி இணைப்பகத்தில் ஒப்பரேற்றராக இருந்தார். கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பேச வேண்டுமென்றால் இணைப்பகத்தை அழைத்து இலக்கத்தைச் சொல்லிக் காத்திருக்க வேண்டிய காலம் அது. "லைன்ல நில்லுங்க" என்று அவர் சொல்லும் விதத்தில், எங்கோ மறுமுனையில் இருப்பவர் ஏற்கெனவே எழுந்து நடந்து வந்துகொண்டிருப்பது போல ஒரு நம்பிக்கை வரும் என்பார்கள். ஒவ்வோர் அழைப்பும் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். இணைப்பகம் தானியங்கியாக மாறி, அவர் வேலையை விட்டு வந்து ஆண்டுகள் பல போன பின்பும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் எது நடந்தாலும் முதலில் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். விருந்தாளி வந்தாலும் பார்ப்பார், மழை தொடங்கினாலும் பார்ப்பார். "இவளுக்கு மழையும் ட்ரங்க்கோல்தான்" என்று அம்மா சிரிப்பார்.

மார்கழி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா பட்டணத்துச் சந்தைக்குப் போயிருந்தார். அம்மா கிணற்றடியில் இருந்தார். நானும் சின்னம்மாவும் தெருவாசலில் நின்று, சைக்கிளில் வந்த மரக்கறிக்காரரிடம் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்கும் அம்மாவுக்கும் இடையே இருந்தது ஒரு வளவின் நீளம் மட்டுமே. கடல் வந்த அந்தச் சத்தத்தை எதனோடு ஒப்பிடுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்கே ஓடினார். தண்ணீர் எங்களை எட்டிப் பிடித்தபோது ஒரு மதிலில் ஏறி நின்றோம். கீழே கதிரைகளும் தென்னோலைகளும் யாரோ ஒருவருடைய கல்யாணப் படமும், ஊர்வலம் போவது போல, அவசரமில்லாமல் மிதந்து போயின. கனவு என்றுதான் நினைத்தேன். அந்தக் கனவிலிருந்து முழுதாக விழித்துவிட்டேன் என்று இப்போதும் சொல்லமாட்டேன். அம்மாவை இரண்டாம் நாள் தாழம்புதர்களுக்குள் கண்டெடுத்தார்கள். அன்றே அடக்கம் செய்தோம்.

மூன்றாம் நாள் காலையில்தான் அந்தத் தேத்தண்ணீர் வழிந்தது. அதோடு வேறு சிலவும் நடந்தன. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். வெளியே போக எழுந்தபோது வலது காலின் செருப்புக் கழன்று விழுந்ததையும், அது தெரியாமலே அவர் இரண்டடி நடந்ததையும் பார்த்தேன். கொண்டை போடக் கையைத் தூக்கப்போய், பாதியில் மறந்தவர் போல விட்டதைப் பார்த்தேன். கிராம சேவகர் கொப்பியோடு வந்து பெயர் கேட்டபோது, சின்னம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, "லைன்ல நில்லுங்க" என்றார். அவர் பேனையை மூடிக்கொண்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டார். பக்கத்துப் பாயில் இருந்த பெண் என் கையைத் தட்டினார்.

"அழுதழுது முகமும் ஒரு பக்கமாப் போச்சு. விடு புள்ள, அவவ அவட பாட்டில விடு."

பட்டணத்திலிருந்து எங்களைத் தேடி வந்து சேர்ந்திருந்த சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். "ஒண்டும் கேக்காத. தமக்கையக் கடலுக்குக் குடுத்திட்டு இருக்காள். ரெண்டு நாள் போனாத் தெளிவாள்."

சின்னம்மாவுக்குப் பிறஸர் இருந்தது. ஐந்தாறு வருடமாக ஒரு நாளும் தவறாமல் மருந்துக் குளிசை போட்டு வந்தவர். அந்தக் குளிசைகள் அலுமாரியோடு போய்விட்டிருந்தன. மூன்று நாட்களாக அவர் குளிசை போடவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்களுடைய ஞாபகமெல்லாம் வேறெங்கோ இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு மிஸி, ஆஸ்பத்திரித் தாதி, வந்தார். காய்ச்சல், காயம், வயிற்றோட்டம் பார்க்க வந்த குழுவில் ஒருவர். நடுத்தர வயது, வெள்ளைச் சட்டையின் ஓரமெல்லாம் சேறு. பாய் பாயாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் சின்னம்மாவைக் கண்டதும் நின்றார். முன்னால் குந்தியிருந்து, முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "கொஞ்சம் சிரிங்க பாப்பம்" என்றார். செத்த வீட்டுக்காரரைச் சிரிக்கச் சொல்கிறாரே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சின்னம்மா கீழ்ப்படிந்தார். முகத்தின் பாதி மட்டும் சிரித்தது. "ரெண்டு கையையும் நீட்டுங்க." இடது கை வந்தது. "உங்கட பேரச் சொல்லுங்க."

"லைன்ல நில்லுங்க" என்றார் சின்னம்மா.

மிஸி என் பக்கம் திரும்பினார். "இது எத்தின மணிக்குத் துவங்கின?"

"முந்தநாள் காலம்பற."

"காலம்பற எத்தின மணிக்கு?"

எனக்குத் தெரியவில்லை. மணிக்கூடு பார்க்கிற ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவர்தான்.

"இது கவலையில வாறது இல்ல புள்ள" என்றார் மிஸி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "மூளைக்குப் போற ரத்தம் அடைபட்டிருக்கு. பாரிசவாதம். வந்த உடன கொண்டு போயிருக்கணும். பிந்தப் பிந்த மூளை உள்ள செத்துக்கொண்டு போகும். இனி வாயில ஒண்டும் ஊத்தாதீங்க, விழுங்க மாட்டா, நெஞ்சுக்குள்ள போயிரும்." எழுந்து போய் லொறிக்காரர் ஒருவரிடம் பேசிவிட்டு, மறுபடி வந்து, என் தோளில் கை வைத்தார். "இனியாவது ஞாபகம் வச்சுக்கொள். வாய், கை, கதை. இந்த மூண்டில ஒண்டு திடீரெண்டு கோணினாலும், விழுந்தாலும், குழறினாலும் மணியப் பாத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஏன், எதுக்கு எண்டு இருந்து யோசிக்காத."

அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய அந்த லொறியில் சின்னம்மாவை ஏற்றிக்கொண்டு போனோம். உயிர் மிஞ்சியது. வலது கை மிஞ்சவில்லை. பேச்சில் மிஞ்சியவை ஓம், இல்ல, ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள், அப்புறம் அந்த ஒரு வசனம்.

பிறகு வந்த நாலரை ஆண்டுகளை நினைக்கும்போது, அவை ஒரே நீண்ட பிற்பகல் போலத் தோன்றுகின்றன. கடல் பக்கம் திரும்பிப் போக மூவருக்கும் மனமில்லை. நாவற்குடாவில், வாவிப் பக்கமாக ஒரு சிறிய வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அருகில் ஒரு பாடசாலையில் ஆசிரிய வேலை கிடைத்தது. சின்னம்மா ஊன்றுகோலோடு நடக்கவும் இடது கையால் சாப்பிடவும் பழகினார். ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ஓர் உலகத்தையே நடத்தலாம் என்பதை அவரிடம்தான் கண்டேன். பசித்தால் ஒரு விதமாக, கோபம் வந்தால் ஒரு விதமாக, பூனை கதவருகே நின்றால் இன்னொரு விதமாக, "லைன்ல நில்லுங்க." அந்த விதங்களைப் பிரித்தறிய எனக்கு ஒரு வருடம் சென்றது. சித்தப்பாவுக்கு ஒரு கிழமை போதுமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பேசாதிருந்த மனிதர் இப்போது இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசினார். வாவிக்கரையில் கதிரையைப் போட்டுச் சின்னம்மாவை இருத்திவிட்டு, அந்தத் தோணி யாருடையது, இந்த வருடம் இறால் ஏன் குறைவு, அக்கரையில் எந்த வாய்க்கால் எங்கே உடைந்தது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சின்னம்மா தண்ணீரைப் பார்த்தபடி, "ஓம்" என்பார். சில நேரம், "இல்ல" என்பார். அப்போது சித்தப்பா தன் கதையைத் திருத்திச் சொல்வார்.

அக்கரையில் சண்டை மூண்ட மாதங்களில் ஷெல் சத்தம் வாவியின் மேலால் உருண்டு வரும். படுவான்கரைச் சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இக்கரைக்கு வந்தார்கள். சின்னம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. பிறகு எங்கள் பக்கம் அடங்கிவிட்டது. சண்டை வடக்கே போய்விட்டது. சித்தப்பாவின் தங்கை குடும்பத்தோடு வன்னியில் இருந்தார். அவர்களைப் பற்றி மாதக்கணக்காக ஒரு புதினமும் வரவில்லை. சித்தப்பாவின் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து, வானொலிப் பெட்டி அவருடைய மடிக்கு ஏறியது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று சொன்ன அந்த வைகாசி வாரத்தில் ஒரு காலை. எனக்குப் பாடசாலை இல்லை. பட்டணத்துப் பக்கம் வெடி கொளுத்திய சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வெளியே வரவில்லை. சித்தப்பா விறாந்தையில் கதிரையில் இருந்தார். மடியில் வானொலி, கையில் காலைச் சாப்பாட்டுப் பாண்துண்டு. நான் உள்ளிருந்து வந்தபோது பாண் கீழே கிடந்தது. வானொலியும் மடியிலிருந்து இடப்பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன்.

"சித்தப்பா, இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி போடட்டா?"

ஏதோ சொன்னார். சொற்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போலிருந்தது. அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு யாருக்குத்தான் பேச்சு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். தங்கையை நினைத்துக் கலங்கிப்போய் இருக்கிறார், அவர் பாட்டில் இருக்கட்டும் என்று குசினிக்குத் திரும்பினேன். வாய், கை, கதை என்பதை நாலரை வருடம் மந்திரம் போல மனத்தில் வைத்திருந்த நான்தான் அப்படித் திரும்பினேன். துக்கம் வந்து நிற்கிற இடத்தில் வேறெதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அறைக்குள்ளிருந்து ஊன்றுகோல் சத்தம் வந்தது. விறாந்தைக்கு வந்ததும் அது நின்றது. பிறகு கோல் தரையில் விழுந்த சத்தம். நான் ஓடி வந்தேன். சின்னம்மா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சித்தப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். தன் இடது கையால் அவருடைய வலது கையைத் தூக்கி விட்டார், அது நின்றது. அடுத்த கையைத் தூக்கி விட்டார். அது தொப்பென்று மடியில் விழுந்தது. கிளினிக்கில் மாதாமாதம் சின்னம்மாவுக்குச் செய்து பார்ப்பது அதுதான். சித்தப்பாவின் வாயின் ஓரத்தைத் தன் விரலால் தொட்டார். ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் கண்ட கோணல் அது. அவரைத் தவிர வேறு யாருக்கு அது அத்தனை விரைவாகத் தெரியும்? பிறகு திரும்பி மணிக்கூட்டைப் பார்த்தார்.

எட்டுப் பத்து.

விரலால் மணிக்கூட்டைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். "லைன்ல நில்லுங்க" என்றார். அந்தக் குரலை நான் நாலரை வருடமாகக் கேட்டிருக்கவில்லை. அழுகையும் இல்லை, பதற்றமும் இல்லை. இணைப்பகத்துக் கதிரையில் இருக்கிற ஒருவருடைய குரல். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேனையை எடுத்து உள்ளங்கையில் நேரத்தை எழுதினேன். இருந்தும் என் கை தன் பாட்டில் ஒரு தம்ளரில் தண்ணீர் வார்த்துச் சித்தப்பாவின் வாய்க்குக் கொண்டுபோனது. சின்னம்மா அதைத் தட்டிவிட்டார். தம்ளர் முற்றம் வரை உருண்டு போனது.

மூன்றாம் வீட்டில் ஓட்டோக்காரர் ஒருவர் இருந்தார். கதவைத் திறந்தவர் தயங்கினார்.

"இண்டைக்கு ரோட்டு முழுக்க ஆமி, ரீச்சர். கொஞ்சம் பொறுத்துப் பாப்பமா? களைப்பா இருக்கும், படுத்தாச் சரியாகிரும்."

"களைப்பு இல்ல அண்ணன். எனக்குத் தெரியும். ஒருக்காப் பொறுத்துப் பாத்தவள்தான் நான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைக்கூடப் போடாமல் ஓட்டோத் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

பட்டணத்துக்குப் போகும் பாலத்துக்கு இப்பால், ஆமிச் சென்ரியில் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஒரு மேசையில் வாழையிலை விரித்து, வெற்றி கொண்டாடப் பால்சோறு வெட்டி வைத்திருந்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் ஒவ்வொரு வாகனமாகக் குனிந்து துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். எங்களுடைய ஓட்டோவுக்குள்ளும் குனிந்தான். அவனுடைய சிரிப்பு சித்தப்பாவின் முகத்தில் பட்டு நின்றது. எனக்குத் தெரிந்த சிங்களம் நாலு சொல். அந்த நேரம் நாலும் மறந்துபோயிற்று. சின்னம்மாதான் பேசினார். அவனைப் பார்த்து, தன் கோணிய வாயையும் சித்தப்பாவின் வாயையும் மாறி மாறித் தொட்டுக் காட்டி, "லைன்ல நில்லுங்க" என்றார். அவனுக்கு அது எந்த மொழி என்றுகூடத் தெரிந்திருக்காது. கையிலிருந்த சோற்றை மேசையில் வைத்துவிட்டு, "யன்ன, யன்ன", போங்கள் போங்கள், என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடி, குறுக்கே கிடந்த தடியைத் தானே தூக்கிப் பிடித்தான். நாங்கள் அதன் கீழால் போனோம். திரும்பிப் பார்த்தபோது இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். அந்த வாரத்தைப் பற்றி நான் எப்படி நினைப்பது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் அந்தத் தடியையும் அவன் கைகளையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் முதலில் கேட்டது அதே கேள்வி. "எத்தின மணிக்குத் துவங்கின?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். "எட்டுப் பத்துக்குக் கண்டது. றேடியோவில எட்டு மணிப் புதினம் கேக்கேக்க நல்லாக் கதைச்சவர்."

"யார் கண்டது?"

"இவ."

டொக்டர் சின்னம்மாவின் தொங்கிய கையையும் முகத்தையும் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டுவிட்டு, சித்தப்பாவோடு உள்ளே போனார்.

அன்றே தலையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். இரத்தம் கசியவில்லை, அடைப்புத்தான் என்று தெரிந்த பிறகு மருந்து தொடங்கினார்கள். பிறஸர் அவருக்கும் இருந்திருக்கிறது. மனைவியின் குளிசையை நேரம் தவறாமல் எடுத்துக்கொடுத்தவர், தன்னுடைய பிறஸரை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. "இது சின்னதா வந்து கதவத் தட்டியிருக்கு. பின்னால பெரிசு வர இருந்தது. நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க" என்றார் டொக்டர். அடைப்பைக் கரைக்கிற ஊசி என்று ஒன்று உண்டென்பதும், அதுவும் தொடங்கிய நேரத்திலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் போட்டால்தான் உதவும் என்பதும் நான் பின்னாளில் அறிந்தவை. சித்தப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. பின்னேரம் இடது கை விரல்கள் அசைந்தன. பத்தாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். களைத்திருக்கும்போது மட்டும் இடது கால் கொஞ்சம் இழுபடும்.

ஒரு மாதத்துக்குப் பிறகு கடிதம் வந்தது. தங்கையும் பிள்ளைகளும் வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தார்கள். தங்கையின் கணவர் இல்லை. கடிதத்தைச் சித்தப்பா விறாந்தையில் இருந்து, தன் வாயாலேயே, சின்னம்மாவுக்கு முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினார். பிறகு இன்னும் எட்டு வருடம் இருந்தார். அவர் போன மூன்றாம் வருடம் சின்னம்மாவும் போனார். இப்போது பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் நான் எழுந்து வாய், கை, கதை என்று சொல்கிறேன். பிள்ளைகளின் புள்ளிகளைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் சிலர் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. கடிதம் வந்த அன்று பிற்பகல், சித்தப்பா உறங்கிய பிறகு, நானும் சின்னம்மாவும் வாவிக்கரையில் இருந்தோம். காற்றே இல்லை. அக்கரையின் பனைகள் தண்ணீருக்குள்ளும் வளர்ந்திருந்தன. நான் அவரைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன்.

"அண்டைக்கு உங்கட வாய் கோணினத நான் கண்டனான் சின்னம்மா. கை விழுந்ததையும் கண்டனான். கண்டிட்டு ரெண்டு நாள் சும்மா இருந்திட்டன்."

அவர் ஓம் என்பாரா, இல்ல என்பாரா என்று பயந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்தார், மூடினார். உதடுகள் எதையோ தேடின. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கி நிறுத்தினார்.

"அம்" என்றார். "அம்மா."

யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். தலையை ஆட்டி, "இல்ல" என்றார். இடது கையை என் நெஞ்சில் வைத்தார்.

"உனக்கு… அம்மா."

பிறகு அந்தக் கையைக் கடல் பக்கமாக நீட்டி, விரல்களை விரித்தார். எதுவோ பறந்து போனது போல.

அன்றைக்கு நீ தாயை இழந்தவள், உன் கண்ணில் வேறென்ன தெரிந்திருக்கும் என்றுதான் அவர் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் புதிய சொற்கள் அவைதான். அம்மாவை அடக்கம் செய்த நாளில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. சின்னம்மாவின் மடியில் தலையை வைத்து அழுதேன். அவர் தன் இடது கையால் வலது கையைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து, என் முதுகில் வைத்தார். அது பாரமாக, சூடாக, அங்கேயே கிடந்தது.